இருப்பு வைக்கச் சொல்கிறவர்களுக்கு



வடகிழக்குப் பருவமழை நெருங்கினால் போதும், அத்தியாவசியப் பொருட்களைப் போதிய அளவு இருப்பு வைத்துக்கொள்ளுங்கள் என்று தொலைக்காட்சியில் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். டார்ச் லைட், மெழுகுவத்தி, தீப்பெட்டி, குடிநீர், சீக்கிரம் கெடாத உணவு, மருந்து மாத்திரை, நனையாத உறையில் ரேஷன் கார்டும் ஆதாரும். பட்டியலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதை யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்பதில்தான் எனக்கு ஆட்சேபம். வேளச்சேரியில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். இப்படி ஓர் அறிவிப்பு வந்தபிறகு கடை வாசலில் நடப்பதைக் கல்லாவில் உட்கார்ந்து பார்க்கிறவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

2024 அக்டோபர் 16ஆம் தேதிக்குச் சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுத்திருந்தார்கள். அதற்கு முந்தைய இரண்டு நாட்களில் வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரமாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தியதை எல்லாப் பத்திரிகைகளும் படம் போட்டன. கார் வைத்திருப்பவர்கள் கடைகளுக்கும் வந்தார்கள். முதலில் தீர்ந்தது ரொட்டி. காய்ச்சல் வந்தால் மட்டுமே ரொட்டியைத் தொடுகிற வீட்டுக்காரர்களும் நாலு பாக்கெட் எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்து பால், பால் பவுடர், மெழுகுவத்தி, பேட்டரி, தண்ணீர் கேன். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. 2015, 2023 வெள்ளங்களைக் கண்டவர்கள், பயப்படத்தான் செய்வார்கள். கையில் பணம் இருந்தது, வீட்டில் இடம் இருந்தது, அரசாங்கமும் வாங்கச் சொன்னது, வாங்கினார்கள்.

சித்தாள் வேலைக்குப் போகிறவர்களும் வீட்டு வேலை செய்கிற பெண்களும் அன்றைய கூலியைக் கையில் வாங்கிக்கொண்டு கடைக்கு வந்து சேர இருட்டிவிடும். நூறு கிராம் பருப்பு, சின்ன பாக்கெட் எண்ணெய், ஐந்து ரூபாய்க்கு மிளகாய்த்தூள் என்று ஒரு நாள் சமையலுக்கு வாங்குகிறவர்கள் இவர்கள். அடுத்த நாளுக்கு அடுத்த நாள் கூலி. மழை வந்தால் முதலில் நிற்பது அந்தக் கூலிதான். பலருக்கு என் கடையில் பற்று நோட்டில் கணக்கு உண்டு. சாதாரண நாளில் அது ஓடும். எல்லோரும் ரொக்கத்தை நீட்டிக்கொண்டு நிற்கிற நாளில், மொத்தக் கடைக்காரரும் எங்களிடம் ரொக்கம் கேட்கிற நாளில், பற்று நோட்டைத் திறக்கிற கடைக்காரர் குறைவு. ஆக, இருப்பு மிகவும் தேவைப்படுகிற வீடு எதுவோ, அந்த வீட்டிலிருந்து ஆள் வந்து சேரும்போது அலமாரி காலியாக இருக்கிறது. ‘இருப்பு வைத்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரே குரலில் எல்லோருக்கும் சொன்னதால் ஏற்பட்ட பலன் இதுதான்.

எங்கள் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் யோக்கியர்கள் என்றும் நான் வாதாட மாட்டேன். 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் மழையில் ஆவின் பால் வரத்து தடைபட்டபோது, 20 ரூபாய் அச்சடித்த அரை லிட்டர் நீலப் பாக்கெட்டை ஐம்பதுக்கும் அதற்கு மேலும் விற்றார்கள். அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது சட்டப்படி குற்றம். ஆனால் இடுப்பளவு தண்ணீரில் எந்த ஆய்வாளர் வந்து பில் கேட்கப்போகிறார்? அந்தச் சோதனையெல்லாம் மழைக்கு முந்தைய மூன்று நாட்களில் நடக்க வேண்டியது.

அறிவிப்பே ஆபத்தைக் கொண்டுவந்து சேர்த்ததும் உண்டு. 2020 ஏப்ரல் 26 முதல் நான்கு நாட்களுக்குச் சென்னை, கோவை, மதுரையில் கொரோனாவுக்காக முழு ஊரடங்கு என்று 24ஆம் தேதி சொன்னார்கள். இடையில் மிஞ்சியது ஒரே நாள். 25ஆம் தேதி கோயம்பேட்டில் நிற்க இடமில்லாமல் கூட்டம் முண்டியடித்தது. சில நாட்களில் கோயம்பேடு சந்தை தொற்றுப் பரவலின் மையமானது, மே 5ஆம் தேதி சந்தையையே மூடினார்கள். கூடியவர்கள்மேல் பழி போட்டுப் பேசினார்கள். நான்கு நாளைக்கு வேண்டியதை ஒரே நாளில் வாங்கச் சொன்னவர்களுக்கும் அந்தப் பழியில் பங்கு உண்டு.

இன்னொரு விஷயம், இருப்பை எங்கே வைப்பது? தாழ்வான பகுதியில் தரைத்தள வாடகை வீடு, ஒற்றை அறை, மேலே சிமென்ட் ஷீட். பரண் கிடையாது. இரண்டாவது சிலிண்டர் கிடையாது. ரேஷன் மண்ணெண்ணெய் ஒதுக்கீடும் ஆண்டுக்காண்டு சுருங்கி அந்த அடுப்பும் மூலைக்குப் போய்விட்டது. இந்த வீட்டில் பத்து கிலோ அரிசி வாங்கி வைத்தால் அது தண்ணீரில் ஊறி நாறுவதற்குத்தான் உதவும். சரக்கு வைக்க இடம் இருந்தவர்களுக்கே என்ன ஆனது என்று சொல்கிறேன். எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் ஏரல் பக்கம். மிக்ஜாம் நிவாரணம் 6,000 ரூபாய் கொடுக்கும் பணியை முதலமைச்சர் வேளச்சேரியில் தொடங்கி வைத்தது 2023 டிசம்பர் 17ஆம் தேதி. அதே நாளில்தான் தூத்துக்குடி மாவட்டத்தில் பேய்மழை பிடித்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை மீறி ஏரல் பஜாருக்குள் புகுந்தது. மூட்டை மூட்டையாகச் சரக்கு அடுக்கிவைத்திருந்த வியாபாரிகளே வெறுங்கையாய் நின்றார்கள். ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் திருச்செந்தூர் விரைவு ரயிலோடு நூற்றுக்கணக்கான பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். ஊர்களுக்கு ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலம் போட வேண்டியிருந்தது. இருப்பு வைப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்களின் கதி இது. குடிசைக்காரருக்கு என்ன யோசனை சொல்வீர்கள்?

அரசு ஒன்றுமே செய்வதில்லை என்று சொல்ல வரவில்லை. 2024 அக்டோபரில் அம்மா உணவகங்களில் இரண்டு நாட்கள் இலவசமாகச் சாப்பாடு போட்டார்கள், பெரிய உதவி. முகாம்கள் திறக்கிறார்கள், படகு வருகிறது. எல்லாம் தண்ணீர் வந்த பிறகு. வருமுன் செய்ய வேண்டியதை மட்டும் ஒரு வரி அறிவுரையாக்கி மக்கள் தலையில் இறக்கிவிடுகிறார்கள்.

மக்களுக்கு இருப்பு வேண்டும் என்றால், அந்த இருப்பைக் கொடுக்கக்கூடிய கடை ஏற்கெனவே ஒவ்வொரு தெருவுக்கும் பக்கத்தில் இருக்கிறது. மளிகைக்காரனான எனக்குப் போட்டிதான், இருந்தாலும் சொல்கிறேன். ரேஷன் கடையில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அதே பொருளை வெளியில் வாங்க ஒரு நாள் கூலியில் பாதி போய்விடும். அரிசியை முன்கூட்டியே எடுத்துக்கொள்ள விடுவதில் சிக்கல் இல்லை. 2025இல் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதத் தானியத்தையும் பருவமழைக்கு முன்பே சேர்த்துக் கொடுத்துவிடச் சொல்லி மத்திய அரசே மாநிலங்களுக்கு எழுதியது. இடறுவது பருப்பும் எண்ணெயும். மாத முதலில் போனால் ‘லோடு வரவில்லை’, இரண்டாவது வாரம் போனால் ‘பருப்பு இருக்கிறது, எண்ணெய் இல்லை’. 2024 மே மாதம் கொள்முதல் தாமதமாகி, மே மாதப் பருப்பையும் பாமாயிலையும் ஜூனில் வாங்கிக்கொள்ளலாம் என்று அரசே அறிவிக்க வேண்டிவந்தது. கோடையில் பரவாயில்லை. நவம்பரில் இது நடந்தால் வெறும் அரிசியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அக்டோபர் முதல் வாரத்திலேயே இரண்டு மாதத்துக்கான பருப்பும் எண்ணெயும் சர்க்கரையும் தாழ்வான பகுதிக் கடைகளில் கிடைக்கும்படி செய்யுங்கள். பொருளை வீட்டில் வைக்க முடியாதவர்களுக்கு, அவர்கள் பங்கை அந்தந்த வார்டில் மாநகராட்சிப் பள்ளியின் மேல்மாடியில் ஓர் அறை ஒதுக்கிக் கார்டு எண் எழுதி வைத்திருங்கள். எப்படியும் மழையில் முகாம் திறப்பது அந்தப் பள்ளியில்தான். சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி மாத்திரை தருகிறார்கள். அக்டோபரில் வரும்போது இரண்டு மாதத்துக்குச் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

இதற்குப் புதிய துறை எதுவும் தேவையில்லை. மழை எந்த மாதம் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அக்டோபர், நவம்பர் மாதப் பருப்பு, பாமாயில் டெண்டரை ஆகஸ்டுக்குள் முடித்து, எந்தக் கடைக்கு எந்தத் தேதியில் லோடு போகும் என்பதைச் செப்டம்பரிலேயே கடைப் பலகையில் எழுதிப்போடச் சொல்லுங்கள். அதன்பிறகு தொலைக்காட்சியில் வந்து இருப்பு வைக்கச் சொல்லட்டும், நானும் கடைக்கு வருகிறவர்களிடம் எடுத்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மளிகைக் கடைக்காரர்,
வேளச்சேரி, சென்னை.