பிரிவும் உலகமும்

செக்ஷன், செக்ட், செக்யுலர் என்னும் இங்கிலீஷ் சொற்கள் மூன்றையும் ஒரே இனமென்று சிலர் கருதுகிறார்கள். அது சரியல்ல. லத்தீன் மூலத்தில் முதலாவது வெட்டுதல். இரண்டாவது ஒருவன் பின்னால் போதல். மூன்றாவது தலைமுறை, காலம், அதாவது இவ்வுலக வாழ்வு.

நமது உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள். 10-ம் நூற்றாண்டில், பராந்தக சோழன் காலத்தில், பிரமதேய ஊரை 30 குடும்புகளாகப் பிரித்துக் குடவோலை எடுத்தார்கள். ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் இவ்வுலகக் காரியங்களே. ஆனால் அங்கத்தினனாவதற்குச் சொந்த நிலமும் வேதப் படிப்பும் வேண்டுமாம்! ஏரி காக்க மந்திரம் எதற்கு? நிலமில்லாமல் உழைத்தவனுக்கு ஓலை எங்கே?

1976-ல் அரசியல் சட்ட முகவுரையில் செக்யுலர் என்னும் சொல்லைச் சேர்த்தார்கள். சரி. ஆனால் குளத்திலும் சுடுகாட்டிலும் பிறப்பைக் கேட்கும்வரை அது வெறுஞ்சொல்லே என்போம்.