துப்பாக்கி உரிமமும் சாதியும்: உறங்கும் விதி 3

2019 ஜூலை 17. உத்தரப் பிரதேசம், சோன்பத்ரா மாவட்டம், உம்பா கிராமம். தலைமுறைகளாக உழுத நிலத்தை விட்டுத்தர மறுத்த கோண்டு பழங்குடிகள் மீது, டிராக்டர்களில் ஆள் திரட்டி வந்த ஊர்த்தலைவர் தரப்பு துப்பாக்கியால் சுட்டது. 10 பேர் கொல்லப்பட்டார்கள். ‘நிலத் தகராறு’ என்று எழுதினார்கள். தகராறு என்றால் இரு பக்கமும் அடி விழும். அங்கே பிணங்கள் ஒரே பக்கத்தில்தான் கிடந்தன.

இதைத் தடுக்கச் சட்டத்தில் வழியில்லையா? இருக்கிறது. 1995ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் விதி 3 என்ன சொல்கிறது? வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளை அரசு அடையாளம் காண வேண்டும். அங்கே பட்டியல் சாதியினர், பழங்குடியினர் அல்லாதோரின் ஆயுத உரிமங்களை ரத்து செய்து, துப்பாக்கிகளை அரசுக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்யலாம். அவர்களின் நெருங்கிய உறவினர், வேலையாட்கள், குடும்ப நண்பர்களின் உரிமங்களுக்கும் இது பொருந்தும். ‘வேலையாட்கள்’ என்று சேர்த்தவருக்குக் கிராமம் தெரிந்திருக்கிறது! பாதிக்கப்படும் மக்களுக்குத் தற்காப்புக்காக உரிமம் வழங்கவும் இதே விதி இடம் தருகிறது.

ஆனால் நடுவில் ஒரு சொற்றொடர்: ‘தேவை எனக் கருதினால்’. கருதாமலே காலம் தள்ளலாம், யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

உரிமம் கேட்டு ஒரு தலித் போனால் என்ன ஆகும்? சொத்து இல்லை என்பதற்காக மட்டும் மறுக்கக் கூடாது என்கிறது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பிரிவு 14. அதற்கு முந்தைய பிரிவோ காவல் நிலைய அறிக்கையைக் கேட்கிறது. அவர் கொடுத்த வன்கொடுமைப் புகாரைப் பதிய மறுத்த அதே நிலையமாகவும் அது இருக்கலாம். மறுபக்கம், குடகில் பிறந்த இனத்தையும் ஜம்மா நில உரிமையையும் வைத்தே சிலருக்கு உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு. வெள்ளையர் காலத்துச் சலுகையான அதை ஒன்றிய அரசு 2029 வரை நீட்டித்திருக்கிறது.

எல்லோர் கையிலும் துப்பாக்கி கொடுங்கள் என்று நாம் கேட்கவில்லை. முதலில் ஆதிக்க சாதிகளின் கையில் இருப்பதை வாங்குங்கள். வன்கொடுமை வழக்கில் குற்றப்பத்திரிகை தாக்கலானதும் உரிமம் தானாக முடங்க வேண்டும். அடையாளம் காணப்பட்ட பகுதியில் உரிமத்தை ரத்து செய்யவில்லை என்றால், ஏன் என்று ஆட்சியர் எழுத்தில் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டிலும் வன்கொடுமை நிகழ வாய்ப்புள்ள கிராமங்களுக்கு அரசிடம் பட்டியல் இருக்கிறது. அந்தக் கிராமங்களில் எத்தனை துப்பாக்கி உரிமங்கள் இருக்கின்றன, விதி 3இன் கீழ் இதுவரை எத்தனை ரத்தாகின? பத்து ரூபாய் வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் மாவட்ட ஆட்சியரிடம் கேளுங்கள்.