பார்ட்டின் மேல் போடும் பழி

ஆன்லைன் ஃபேன்டஸி விளையாட்டுகளில் ஒரு குழு மொத்தமாகச் செத்து விழுந்தால் முதல் வசவு பாட்டுப் பாடும் பாத்திரத்துக்கு, அதாவது பார்ட்டுக்குத்தான் விழும். மயங்கிக் கிடந்த அரக்கன் விழித்தாலும், சும்மா போன நகரக் காவலன் வாளை உருவினாலும் "பார்ட் கெடுத்துவிட்டான்" என்பார்கள். ஆட்டக்காரர்களிடையே பல ஆண்டுகளாக இந்தத் தீர்ப்பு விசாரணையே இல்லாமல் வழங்கப்படுகிறது. இது அநியாயம்.

1999 மார்ச்சில் வெளிவந்த எவர்குவெஸ்ட்டைப் பாருங்கள். அதில் மந்திரவாதி ஒரு மந்திரத்தைச் சொல்லிவிட்டு ஓய்ந்து உட்காரலாம். பார்ட்டின் பாட்டோ தொடங்கிவிட்டால் அவனே நிறுத்தும்வரை திரும்பத் திரும்ப ஒலிக்கும். ஒரு பாட்டுக்கு மூன்று விநாடி; பலன் இறங்குவது ஆறு விநாடிக்கு ஒரு முறை. ஆகவே தேர்ந்த பார்ட் ஒன்றை நிறுத்தி அடுத்ததைத் தொடங்கி, பல பாட்டுகளை மாற்றி மாற்றி அணையாமல் காக்கிறான். மற்றவர்கள் உட்கார்ந்து மந்திரத்துக்கான சக்தியான மனாவை ஏற்றும்போதும் அந்நாளில் அவன் விரல் ஓய்ந்ததில்லை.

'கார்ட்ஸ் ஆஃப் டிஸோனன்ஸ்' இரண்டாம் லெவலிலேயே கிடைக்கும் தாக்குதல் பாட்டு. அது ஒருவரைக் குறிவைப்பதில்லை. பாடுகிறவனைச் சுற்றி ஒரு வட்டம். அதற்குள் கணினி இயக்கும் எந்தப் பாத்திரம் வந்தாலும் அடி. வழிப்போக்கனாக நுழைந்த காவலனுக்கும் அதே அடி, அவன் பகையும் கூடவே. மயக்கும் மந்திரவாதியான என்சான்ட்டர் மயக்கி நிறுத்திய அரக்கன் அந்த அடியிலேயே விழித்துக்கொள்கிறான். இப்போது கேட்கிறேன்: அரக்கனை அந்த வட்டத்துக்குள் இழுத்துவந்தது யார்? அங்கேயே மயக்கி நிறுத்தியது யார்? வட்டம் தரையில் கோடாகவும் தெரியாது. அந்நாளில் செத்தால் அனுபவப் புள்ளி குறையும், சாமான்கள் பிணத்தோடு கிடக்கும் விளையாட்டாக அது இருந்தது. கோபம் வருவது இயல்புதான். அந்தக் கோபத்தை ஒருவன் தலையில் மட்டும் கொட்டுவதைத்தான் எதிர்க்கிறேன்.

2002இல் ஜப்பானில் தொடங்கிய ஃபைனல் ஃபேன்டஸி 11 இதை இன்னும் தெளிவாகக் காட்டியது. அங்கே தொடக்க ஆண்டுகளில் ஒரு பார்ட் ஒருவருக்கு இரண்டு பாட்டுகளையே தரமுடிந்தது. மூன்றாவது வந்தால் பழையது அழியும். மந்திரவாதிகளுக்கு மனா ஊறவைக்கும் பாலட், வாள்வீரர்களுக்குத் தாக்குதல் கூட்டும் மினியூவெட். பார்ட் பின்னால் ஓடி பாலட் பாடி, முன்னால் ஓடி மினியூவெட் பாடவேண்டியிருந்தது. சுமார் இரண்டு நிமிடத்தில் எல்லாம் தீர்ந்து மறுபடி ஓட்டம். குணப்படுத்தும் மந்திரவாதி நாலடி முன்னே வந்து நின்றால் அவருடைய பாலட் போய், அவருக்கு உதவாத பாட்டு ஒட்டிக்கொள்ளும். நகர்ந்தவர் அவர், திட்டு வாங்கியவன் பார்ட். பிற்பாடு பியானிசிமோ என்ற திறன் வந்தது. அதைப் பயன்படுத்தினால் அடுத்த பாட்டு ஒரே ஆளுக்கு மட்டும் போய்ச் சேரும். கோளாறு பாடியவனின் கவனக்குறைவில் இருந்திருந்தால், அதைச் சரிசெய்ய விளையாட்டின் விதியை ஏன் மாற்றவேண்டும்?

"கவனமாகப் பாடினால் போதாதா?" என்பார்கள். கவனம் என்று இவர்கள் கேட்பது உண்மையில் பாடாமல் இருப்பதைத்தான். பாட்டை நிறுத்தினால் அடுத்த நிமிடமே "மனா எங்கே, வேகம் எங்கே" என்று அதே வாய்கள் கூவும்.

ஒரே ஒரு பார்ட்டுக்காக மட்டும் நான் வாதாடமாட்டேன். எவர்குவெஸ்ட்டில் வேகப்பாட்டோடு ஓடி, ஒரு பகுதியின் அரக்கர் கூட்டம் முழுவதையும் பின்னால் இழுத்து, வட்டமடித்துக் கொன்று அனுபவப் புள்ளி குவித்தவன் அவன். வேட்டைக்கு வந்த மற்றவர்களுக்கு எதுவும் மிஞ்சாது; எதிரே நின்ற அப்பாவி மிதிபட்டுச் சாவான். அது தெரிந்தே செய்தது. விபத்துக் கணக்கில் அதைச் சேர்த்து எல்லாப் பார்ட்டுகளையும் அடிப்பதுதான் தவறு.

அடுத்த முறை உங்கள் குழுவில் ஒரு பார்ட் சேர்ந்தால், சண்டை தொடங்குமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்தப் பாட்டு, எவ்வளவு தூரம்? பிறகு அதற்கேற்ப நில்லுங்கள். அரக்கனை மயக்குகிறவர் வட்டத்துக்கு வெளியே மயக்கட்டும். இதைச் செய்யாதவருக்கு அவனைத் திட்ட உரிமை இல்லை.