எந்தத் தெரு முதலில்?

மழைக்காலத்தில் எங்கள் மாணவியரின் வெள்ளைக் காலுறைகளைப் பார்த்தாலே, எவள் எந்தத் தெரு வழியாகப் பள்ளிக்கு வந்தாள் என்று சொல்லிவிடலாம். செம்மண் கறை என்றால் குழாய் பதிக்கத் தோண்டிய தெரு. கருஞ்சேறு என்றால் சாக்கடை பொங்கிய தெரு. இதைச் சொல்லி நாங்கள் சிரித்ததுண்டு. சென்ற நவம்பரில் ஒரு நாள் அந்தச் சிரிப்பு நின்று போயிற்று. எட்டாம் வகுப்புத் தங்கை ஒருத்தி, நீர் தேங்கிய சாலையோரத்தில் பள்ளம் இருப்பதை அறியாது கால் வைத்து விழுந்தாள். எலும்பு முறிந்து, அரையாண்டுத் தேர்வையே எழுத இயலாமற் போயிற்று. பள்ளத்தைத் தோண்டியவர் யார், மூட வேண்டியவர் யார் என்று கேட்டு அவள் தந்தை அலைந்தார். ஒவ்வோர் அலுவலகமும் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டியது.

இத்தனைக்கும் அந்தத் தெருவுக்கு மூன்று மாதங்களுக்கு முன்புதான் புதுத் தார் போட்டிருந்தார்கள். பணம் செலவாகியிருக்கிறது, ஆனால் முன்னே செய்ய வேண்டியதைப் பின்னே செய்திருக்கிறார்கள். எங்களை எழுதத் தூண்டியது இதுவே.

சென்னை மாநகராட்சியின் பொறுப்பில் 387 கிலோமீட்டர் அளவுக்குப் பேருந்துச் சாலைகளும், 5,000 கிலோமீட்டருக்கு மேல் உட்புறத் தெருக்களும் இருக்கின்றன. 2011இல் மாநகரின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. அவ்வாறு சேர்ந்த புறப் பகுதிகளில் எத்தனையோ தெருக்கள் வடிகாலே இல்லாமல் வந்து சேர்ந்தன. எல்லாவற்றையும் ஓராண்டில் செப்பனிட எந்தக் கருவூலத்தாலும் ஆகாது என்பதை நாங்களும் அறிவோம். வள்ளுவர் அரசனின் பொறுப்புகளைச் சொல்லுமிடத்தில், பொருளை ஈட்டுவதோடும் காப்பதோடும் நிறுத்தவில்லை. அதை வகுத்துச் செலவிடுவதையும் சேர்த்தார். மற்றவற்றைவிட இதுதான் கடினம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

வகுப்பதற்கு முன், கொடுப்பவர் யார் என்று பார்க்க வேண்டாமா? “நான் சாலை வரி கட்டுகிறேன், சாலை எனக்குத்தான்” என்று கார் வைத்திருப்போர் சொல்லக் கேட்டிருக்கிறோம். வாகன வரி மாநில அரசுக்குச் செல்கிறது. அதில் ஒரு பங்கு சுற்றி வளைத்து நகரத்துக்கு வரலாம். ஆனால் மாநகராட்சி தன் தெருக்களைப் பராமரிப்பது சொத்து வரி, தொழில் வரி, மாநில அரசு பகிர்ந்து தரும் நிதி, அவ்வப்போது வரும் மானியங்கள் இவற்றைக் கொண்டுதான். சொத்து வரி 2022இல் உயர்ந்ததும் எத்தனை வீட்டுக்காரர்கள் வாடகையை உயர்த்தினார்கள் என்று எங்கள் அம்மாக்களைக் கேளுங்கள்! சைக்கிள்கூட இல்லாத குடித்தனக்காரரும் வாடகையோடு சேர்த்துச் சாலைக்குப் பணம் தருகிறார். ஆகவே நடந்து செல்பவர் இந்தத் தெருவில் இலவச விருந்தாளி அல்லர்.

அவர் சிறுபான்மையினரும் அல்லர். 2008ஆம் ஆண்டுப் போக்குவரத்து ஆய்வின்படி, சென்னைப் பகுதியில் நடந்த பயணங்களில் நூற்றுக்கு 28 கால்நடையாக நடந்தவை. காரில் சென்றவை 6 மட்டுமே. இன்று அந்தக் கணக்கு மாறியிருக்கக்கூடும். ஆனால் பேருந்தில் போகிறவரும் மெட்ரோ ரயிலில் போகிறவரும் நிறுத்தம் வரை நடந்துதானே ஆக வேண்டும்? நம் நாட்டில் 2022இல் சாலை விபத்துகளில் மாண்ட 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள்.

சென்னை மாநகராட்சி இதை உணராமல் இல்லை. போக்குவரத்துக்கென ஒதுக்கும் நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை நடப்போருக்கும் சைக்கிள் ஓட்டுவோருக்கும் செலவிட வேண்டும் என்னும் கொள்கையை 2014இலேயே ஏற்றுக்கொண்ட நகரம் இது. 2019இல் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதை அமைந்தது. அங்கே பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு அச்சமின்றி நடந்த சுகத்தை எங்களில் பலர் அனுபவித்திருக்கிறோம். ஆனால் அது கடைவீதி. மாதம் ஒரு நாள் துணி வாங்கப் போகும் இடத்துக்குக் கிடைத்த நடைபாதை, நாள்தோறும் குழந்தைகள் பள்ளிக்கு நடக்கும் தெருக்களுக்கு அல்லவா முதலில் கிடைத்திருக்க வேண்டும்? பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிறுத்தம் ஆகியவற்றைச் சுற்றியுள்ள தெருக்களுக்கே முதல் பணம் என்று மாமன்றம் எழுதி வைக்க வேண்டும் என்பது எங்கள் துணிபு. மேம்பாலம் காத்திருக்கட்டும்.

இன்னொன்று, தெருவுக்குள்ளேயே உள்ள வரிசை. தாருக்குப் பகை தேங்கிய நீர். அது ஜல்லியிலிருந்து தாரைப் பிரித்துவிடும். பிறகு சக்கரங்கள் ஏற ஏறக் குழி விழும். எனவே முதலில் வடிகால், அடுத்துக் குழாய்களும் கம்பிகளும், பிறகு நடைபாதை, கடைசியில் தார். நடப்பதோ பல இடங்களில் தலைகீழ்! பழைய தாரின் மேலேயே புதுத் தாரைப் போட்டுப் போட்டு, மூன்று படி ஏறிப் போன வீடுகளுக்கு இன்று படி இறங்கிப் போகிறோம். மழைநீரும் எங்களோடு இறங்கி வருகிறது. பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பின்னரே புதிது போட வேண்டும் என்று தமிழக அரசு 2021இல் ஆணையிட்டது. அது எல்லாத் தெருக்களிலும் நடக்கிறதா என்று பார்க்கச் சிறப்புக் கருவி எதுவும் வேண்டாம்; வாசற்படியை எண்ணினாலே போதும்.

நடைபாதை போட்டால் அதில் கடை வைப்பார்கள், வண்டியை நிறுத்துவார்கள், பிறகு எதற்கு வீண் செலவு என்று எங்கள் தந்தையரில் சிலர் கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் அன்பிற்குரிய அப்பாக்களே, மாலை நான்கு மணிக்கு எங்களை அழைத்துச் செல்ல வரும் ஸ்கூட்டர்கள் எங்கே நிற்கின்றன? நம் பள்ளி வாயிலை ஒட்டிய நடைபாதையில்தான். சின்னஞ்சிறு பிள்ளைகள் அவற்றைச் சுற்றிக்கொண்டு நடுச்சாலையில் இறங்குகிறார்கள். இதைத் திருத்த மாநகராட்சியின் நிதி ஒரு காசும் தேவையில்லை.

பிரேசில் நாட்டில் போர்ட்டோ அலெக்ரே என்றொரு நகரம். அங்கே 1989 முதல் மக்கள் பகுதிவாரியாகக் கூடி, எந்தத் தெருவுக்குப் பாவு போடுவது, எங்கே சாக்கடை அமைப்பது என்று தாங்களே வரிசைப்படுத்தினார்கள். எது மிகவும் குறைவாக உள்ளதோ அந்தப் பகுதிக்குக் கூடுதல் புள்ளி. நம் மாநிலத்திலும் வட்டந்தோறும் பகுதி சபைகள் கூடுவதற்கான விதிகள் 2022இல் வந்துவிட்டன. அதே ஆண்டுத் தேர்தலில் சென்னையின் 200 வட்டங்களில் சரிபாதி பெண்களுக்கென ஒதுக்கப்பட்டன. கூட்டத்தில் எழுந்து பேச அம்மாக்களுக்கு இனி என்ன தயக்கம்?

எங்கள் வகுப்பார் பள்ளியைச் சுற்றியுள்ள நான்கு தெருக்களையும் நடந்து பார்த்து, திறந்து கிடக்கும் வடிகால் மூடிகளையும் உடைந்த நடைபாதைகளையும் ஒரு படத்தில் குறித்திருக்கிறோம். எதை முதலில் செய்ய வேண்டும் என்று எண்ணும் இட்டிருக்கிறோம். முதல் எண், அந்தத் தங்கை விழுந்த இடம். எங்களுக்கு இன்னும் வாக்குரிமை இல்லாததால், படத்தோடு இணைத்த மனுவில் பெற்றோர் கையொப்பமிட வேண்டும். தலைமையாசிரியை சிஸ்டரின் அனுமதியோடு அதை அலுவலக அறையில் வைத்திருக்கிறோம். அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் அதைக் கொடுக்கப் போகிறோம்.