வளர்பிறைக்கும் பௌர்ணமி உண்டு

தமிழில் 'வளர்தல்' என்னும் வினைக்குள் ஒரு முடிவும் அடங்கியிருக்கிறது. நாற்று வளர்ந்து கதிர் தள்ளுகிறது. கன்று வளர்ந்து பசுவாகிறது. பிள்ளை வளர்ந்து ஆளாகிறது. ஆளான பிறகும் ஒருவன் ஆண்டுதோறும் இரண்டு அங்குலம் உயர்ந்துகொண்டே போனால் நாம் அவனைப் பாராட்டுவதில்லை. மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். வளர்பிறைக்குக்கூடப் பதினைந்தாம் நாள் பௌர்ணமி வந்துவிடுகிறது. பொருளாதாரம் என்று வந்துவிட்டால் மட்டும் இந்தச் சொல்லுக்கு முடிவே கிடையாது என்று நம்மை நம்பவைத்திருக்கிறார்கள். நாமும், கவிதையில் ஒரு சொல் இடம் மாறினால் ஒரு மாதம் சண்டையிடும் நாமும், இந்த ஒரு சொல்லை எந்தக் கேள்வியுமின்றி விழுங்கிக்கொண்டிருக்கிறோம்.

கணக்கு எளியது. ஆண்டுக்கு 3 சதவீதம் வளரும் எதுவும் ஏறத்தாழ 24 ஆண்டுகளில் இரு மடங்காகும்; 100 ஆண்டுகளில் 19 மடங்காகும்; 300 ஆண்டுகளில் 7,000 மடங்கைத் தாண்டும். வட்டிக்கு வாங்கி நொடித்துப்போன எந்தக் குடும்பத்துக்கும் இந்தக் கணக்கு தெரியும். அது தெரியாதது நிதிநிலை அறிக்கைகளுக்கு மட்டுமே.

இதைச் சொன்ன மாத்திரத்தில் எதிர்த்தரப்பார் இரண்டு பெயர்களை நம் முன் வைப்பார்கள். ஒருவர், 1798-இல் மக்கள்தொகை பற்றிய கட்டுரையை வெளியிட்ட மால்தஸ். மற்றவர், 1968-இல் 'மக்கள்தொகை வெடிகுண்டு' எழுதிய பால் எர்லிக். இருவரும் சொன்னது நடக்கவில்லை என்பது உண்மையே, மறுப்பதில் பயனில்லை. 1980-இல் எர்லிக்கும் பொருளியலாளர் ஜூலியன் சைமனும் ஐந்து உலோகங்களின் விலை குறித்துப் பத்தாண்டுப் பந்தயம் கட்டினார்கள். விலை ஏறும் என்றார் எர்லிக். இறங்கும் என்றார் சைமன். 1990-இல் விலைகள் இறங்கியிருந்தன. எர்லிக் 576 டாலருக்குக் காசோலை அனுப்பினார். அன்று முதல், பூமியின் எல்லை பற்றி யார் வாய் திறந்தாலும் அந்தக் காசோலையைத்தான் முகத்தில் வீசுகிறார்கள்.

அந்தப் பந்தயம் விலையைப் பற்றியது. இருப்பைப் பற்றியது அன்று. விலை என்பது இன்று தோண்டுவது எத்தனை சுலபம், வாங்குவோர் எத்தனை பேர் என்பதைச் சொல்லும். பள்ளத்தின் ஆழத்தைச் சொல்லாது. இதை விளங்கிக்கொள்ள நவூரு என்ற தீவுக்குப் போவோம்.

பசிபிக் பெருங்கடலின் நடுவே 21 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தனித்தீவு அது. 1899-இல் சிட்னி நகர அலுவலகம் ஒன்றில் கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்த ஒரு கல்லை ஆல்பர்ட் எல்லிஸ் என்பவர் சோதித்துப் பார்த்தார். நவூருவிலிருந்து வந்திருந்த அது, உயர்தரப் பாஸ்பேட் பாறை. 1907 முதல் கப்பல்கள் ஏற்றிச் செல்லத் தொடங்கின. முதல் உலகப் போருக்குப் பின் பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் கூடி ஓர் ஆணையம் அமைத்து, உலகச் சந்தை விலைக்குக் குறைவாகத் தம் உழவர்களுக்கு அந்தப் பாறையை அள்ளிக்கொடுத்தன. அவர்களின் மேய்ச்சல் நிலங்கள் பசுமையாயின. இங்கே தீவின் நடுப்பகுதி சுண்ணாம்புக் கூர்முனைகள் மட்டும் துருத்தி நிற்கும் எலும்புக்கூடாயிற்று. தீவு தீர்ந்துவிடும் என்று ஆண்டவர்களுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் 1960-களின் தொடக்கத்தில், மக்களை ஒட்டுமொத்தமாகக் குவீன்ஸ்லாந்துக் கரையோரமுள்ள வேறொரு தீவில் குடியேற்றிவிடலாம் என்று யோசனை சொன்னார்கள். நவூரு மக்கள் மறுத்தார்கள்.

1968-இல் விடுதலை கிடைத்தது. 1970-இல் சுரங்கம் தீவினரின் கைக்கு வந்தது. 1970-களின் நடுவில் பாஸ்பேட் விலை உச்சிக்குப் போனது. தனிநபர் வருமானத்தில் உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்றானது நவூரு. பள்ளம் எந்த வேகத்தில் ஆழமாயிற்றோ அந்த வேகத்தில் வருமானம் உயர்ந்தது. வளர்ச்சிக் கணக்கில் அது வரவாகப் பதிவாயிற்று. வீட்டின் உத்தரத்தை விறகாக்கி விற்றுவிட்டு, இந்த மாதம் வருமானம் கூடுதல் என்று எழுதிவைப்பதற்கு ஒப்பான கணக்கு இது.

இந்த இடத்தில் மக்கள்தொகைவாதிகளை நாம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். நவூருவைத் தின்றது யார்? விடுதலையின்போது தீவில் வாழ்ந்தவர்கள் சில ஆயிரம் பேர். இன்றும் சுமார் 12 ஆயிரம் பேர்தான். அவர்கள் பெற்ற பிள்ளைகளா அந்தப் பாறையைத் தின்றன? எர்லிக்கின் நூல் டெல்லித் தெரு ஒன்றின் கூட்ட நெரிசலோடு தொடங்குகிறது. பூமிக்குப் பாரம் யார் என்று காட்ட அவருக்கு அந்த ஏழை முகங்களே கிடைத்தன. அந்த அச்சம் புத்தகத்தோடு நிற்கவில்லை. நெருக்கடி நிலையின்போது, 1976-77 என்ற ஒரே நிதியாண்டில், இந்த நாட்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. அவர்களில் எத்தனையோ பேர் இழுத்துச் செல்லப்பட்ட எளியவர்கள்.

எண்கள் வேறு கதை சொல்கின்றன. உலக மக்கள்தொகை 2022 நவம்பரில் 800 கோடியைத் தொட்டது. ஆனால் அதன் வளர்ச்சி விகிதம் 1960-களில் 2 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. இப்போது 1 சதவீதத்துக்கும் கீழே. 2080-களில் சுமார் 1,030 கோடியில் உச்சம் தொட்டுப் பிறகு இறங்கும் என்பது ஐக்கிய நாடுகள் அவையின் 2024-ஆம் ஆண்டு மதிப்பீடு. தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள் என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. ஆக, மக்கள்தொகை என்னும் வளர்பிறைக்குப் பௌர்ணமி கண்ணுக்குத் தெரிகிறது. பெண்கள் படித்தார்கள், பிறந்த குழந்தைகள் பிழைத்தன, அது போதுமானதாயிற்று. மற்றொரு வளர்பிறையைப் பாருங்கள். உலகம் ஆண்டுதோறும் பூமியிலிருந்து எடுக்கும் பொருள்களின் எடை 1970-இல் சுமார் 3,000 கோடி டன். 2024-இல் 10,600 கோடி டன். மக்கள் இரண்டு மடங்குக்குச் சற்று மேல் பெருகிய காலத்தில் பொருள் மூன்றரை மடங்கு பெருகியிருக்கிறது. செல்வ நாட்டில் வாழும் ஒருவர் ஏழை நாட்டில் வாழும் ஒருவரைவிட ஆறு மடங்கு பொருளைச் செலவழிக்கிறார் என்று ஐக்கிய நாடுகள் சூழல் திட்டத்தின் அறிக்கையே சொல்கிறது. தொட்டிலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவர்கள் இந்தக் கணக்கை எப்போது பேசப்போகிறார்கள்?

'இனி வளர்ச்சி பொருளில் இல்லை, அறிவில். குறைந்த பொருளில் நிறைந்த பயன்' என்பார்கள். ஸ்டான்லி ஜெவன்ஸ் 1865-லேயே இதற்கு விடை எழுதிவிட்டார். நீராவி இயந்திரம் சிக்கனமானபோது பிரிட்டனில் நிலக்கரிச் செலவு குறையவில்லை, கூடியது. சிக்கனம் மலிவாக்கிற்று, மலிவு பெருக்கிற்று. மேலே கண்ட 10,600 கோடி டன், கணினியும் கைப்பேசியும் உலகை ஆண்ட பிறகு வந்த எண் என்பதை மறக்க வேண்டாம்.

'ஒன்று தீர்ந்தால் மற்றொன்று வரும்' என்பது அடுத்த வாதம். வரும், சில சமயம். காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்ற ஹேபர் 1909-இல் வழி கண்டார். மால்தஸ் தோற்றதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் பாஸ்பரஸ் காற்றில் இல்லை. பாறையில்தான் இருக்கிறது. நம் எலும்பிலும் மரபணுவிலும் இருக்கும் அதற்கு மாற்றுத் தனிமம் கிடையாது. அது அழிவதில்லை என்பது சரியே. வயலிலிருந்து ஆற்றுக்கும் ஆற்றிலிருந்து கடலுக்கும் சிதறிப்போகிறது. சிந்திய எண்ணெயை மணலிலிருந்து பிரித்தெடுப்பது போன்றதே அதை மீட்கும் வேலை. உலகில் எஞ்சியிருக்கும் இருப்பில் ஏறக்குறைய 70 சதவீதம் மொராக்கோவிடமும் அது பிடித்துவைத்திருக்கும் மேற்குச் சகாராவிலும் இருக்கிறது. இந்தியா தன் தேவையில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்குகிறது. தஞ்சை வயலில் பிரிக்கப்படும் டிஏபி மூட்டையும் இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணிதான்.

பொருளியலாளர்களின் கடைசிக் கோட்டை ஒன்று உண்டு: இயற்கையை விற்ற பணத்தை முதலீடு செய்துவிட்டால் இழப்பு இல்லை, பாறை போனாலும் வட்டி வரும். நவூரு இதைத்தான் செய்தது. அறக்கட்டளை நிதி 100 கோடி ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டியது. மெல்பர்னில் 52 மாடிக் கட்டடம் எழுப்பினார்கள். 1993-இல் லண்டனில் லியோனார்டோ டா வின்சி பற்றிய இசை நாடகம் ஒன்றுக்குப் பணம் போட்டார்கள், அது படுதோல்வி. 2004-இல் அந்த மாடிக் கட்டடம் கைமாறியது. 2005-இல் நாட்டின் ஒரே விமானமும் கடனுக்காகப் பறிமுதலாயிற்று.

'அது நிர்வாகக் கோளாறு, ஊதாரித்தனம்' என்பார்கள். ஊதாரித்தனம் உண்டு; மறைக்க வேண்டாம். ஆனால் ஊதாரித்தனம் இல்லாத நவூருவைக் கற்பனை செய்து பாருங்கள். நிதி பத்திரமாக இருந்திருக்கும். அதற்கான வட்டி எங்கிருந்து வந்திருக்கும்? வேறெங்கோ வெட்டப்படும் மலையிலிருந்தும் வேறெங்கோ எரியும் நிலக்கரியிலிருந்தும்தான். பணத்தை உண்ண முடியாது. பணத்தைக் கொண்டு இன்னொரு இடத்தின் விளைச்சலைத்தான் வாங்கி உண்ண முடியும். நவூருவுக்கு 'வேறிடம்' இருந்தது. பூமிக்கு இல்லை. தீவுக்கும் கோளுக்கும் உள்ள வேறுபாடு இது ஒன்றே, அதுவும் கோளுக்குப் பாதகமானது.

பிறகு நடந்தவற்றைப் பாருங்கள். 2021-இல் நவூரு அரசு, கனடா நிறுவனம் ஒன்றின் துணை நிறுவனத்துக்காக ஆழ்கடல் சுரங்க விதிகளை விரைந்து வகுக்கக் கோரிப் பன்னாட்டுக் கடலடி ஆணையத்தின் கதவைத் தட்டியது. எடுக்க விரும்புவது உருளைக்கிழங்கு அளவுள்ள உலோக முடிச்சுகளை. பத்து லட்சம் ஆண்டுகளுக்குச் சில மில்லிமீட்டர் என்பது அந்த முடிச்சுகளின் வளர்ச்சி வேகம். 2025-இல் அதே அரசு ஒரு லட்சத்து ஐயாயிரம் டாலருக்குக் குடியுரிமை விற்கும் திட்டத்தைத் தொடங்கியது. எதற்காக? கடல் மட்டம் உயர்வதால் கரையோர மக்களை மேட்டுக்குக் குடிபெயர்க்க. அந்த மேடு எது? நூறாண்டுகளாகத் தோண்டிப்போட்ட அதே எலும்புக்கூட்டு நிலம். பிறர் வளர்ச்சி நடுத்தீவைத் தின்றது. பிறர் வளர்ச்சியே இப்போது கரையையும் தின்கிறது.

இதையெல்லாம் அறிய நமக்கு வெளியூர் ஞானிகள் வேண்டியதில்லை. தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா ஜபல்பூர் சிறையிலிருந்து எழுதி 1945-இல் வெளிவந்த 'எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்' நூலின் தொடக்கமே இந்தப் பாகுபாடுதான்: எடுத்தால் தீர்ந்துவிடும் கரி, எண்ணெய், கனிமம் ஒரு வகை, பெருக்கை மட்டும் எடுத்தால் நிலைத்திருக்கும் ஆறு, காடு மறு வகை. முதல் வகையின் மீது கட்டப்படும் வாழ்வு நிலையாது என்றார் அவர். அவரைக் கதர்க்கடைப் படமாக்கிச் சுவரில் மாட்டிவிட்டு நகர்ந்துவிட்டோம்.

நாம் வறுமையைப் போற்றவில்லை. ஒழுகும் கூரைக்குக் கீழே இருப்பவரிடம் 'போதும்' என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. அவருக்கு இன்னும் வளர்பிறையின் மூன்றாம் நாள்தான். அவர் பங்கு அவருக்கு வர வேண்டும். அது வருவதற்கு இடம் வேண்டுமென்றால், முழுநிலவு ஆன பின்பும் வளரத் துடிப்பவர்கள் நிறுத்தியாக வேண்டும். அந்த நிறுத்தத்தைப் பேசாத எந்த வளர்ச்சிப் பேச்சும், நவூருவில் பாறை ஏற்றப்போன கப்பலின் பேச்சுதான்.

மறுப்போர் தாராளமாக மறுக்கட்டும். ஆனால் மறுப்பதற்கு முன் ஒன்றைச் சொல்லட்டும்: உங்கள் வளர்பிறைக்குப் பௌர்ணமி எந்த நாள்?