மகேஷின் அம்மா

திரைப்பட இயக்குநர் யாஸ்மின் அகமது நம் ஜொகூர்க்காரர். 1958இல் மூவாரில் பிறந்தவர். நியூகாசலில் உளவியல் படித்துவிட்டு வந்து விளம்பரத் துறையில் பெயர் எடுத்தார். பண்டிகைக்குப் பண்டிகை தொலைக்காட்சியில் நம்மைக் கண்கலங்க வைத்த பெட்ரோனாஸ் விளம்பரங்கள் அவர் எடுத்தவைதாம். அவருடைய ‘டேலண்டைம்’ படம் 2009 மார்ச்சில் திரைக்கு வந்தது. அதே ஆண்டு ஜூலையில், 51 வயதில், காலமானார். ஒரு தமிழ்ப் பையனின் காதலை இவ்வளவு மதிப்போடு சொன்ன மலேசியப் படம் வேறொன்றை நான் பார்த்ததில்லை.

காது கேளாத, வாய் பேசாத மகேஷ். பள்ளியின் கலைத்திறன் போட்டிக்குத் தேர்வான மெலோரை மோட்டார் சைக்கிளில் ஒத்திகைக்கு அழைத்துப் போவது அவன் பொறுப்பு. மெலோர் முஸ்லிம். தான் பேசப் பேச இவன் பதிலே சொல்வதில்லையே என்று முதலில் அவளுக்குக் கோபம். காரணம் தெரிந்த பிறகு காதல்.

கதை பள்ளிக்கூடத்தோடு முடிந்துவிடுகிறது. ஆனால் அது எழுப்பும் கேள்வி கனம் பெறுவது பல்கலைக்கழக வயதில்தான். ஸ்கூடாயில் யூ.டி.எம். பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டிய குடியிருப்புத் தாமான்களில் நாம் தினமும் பார்க்கும் பிள்ளைகள், பெற்றோரின் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரே அசைன்மென்ட் குழுவில், நள்ளிரவு மாமாக் கடையில் ஒன்றாக இருக்கிறார்கள். மனம் போவது இயல்பு. படிப்பு முடிந்ததும் கல்யாணப் பேச்சு வரும். அங்கேதான் யாஸ்மின் காட்டாமல் விட்ட சட்டம் குறுக்கே நிற்கிறது. 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் முஸ்லிம்களுக்குப் பொருந்தாது. ஜொகூரின் 2003ஆம் ஆண்டு இஸ்லாமியக் குடும்பச் சட்டப்படி, முஸ்லிம் பெண் முஸ்லிம் அல்லாதவரை மணக்க முடியாது. மகேஷ் மெலோரைக் கைப்பிடிக்க வேண்டுமென்றால் இஸ்லாத்தைத் தழுவியாக வேண்டும்.

அதனால்தான் எனக்கு இந்தப் படத்தில் மகேஷின் அம்மா முக்கியம். பக்கத்து முஸ்லிம் வீட்டில் சாவு, மகேஷ் வீட்டில் கல்யாணம். கல்யாணச் சத்தத்தால் மூண்ட சண்டையில், மாப்பிள்ளையான அம்மாவின் தம்பி கணேஷ் கொல்லப்படுகிறார். அந்தத் துக்கம் ஆறுவதற்குள் மகன் ஒரு முஸ்லிம் பெண்ணை விரும்புவது தெரிய வருகிறது. அம்மா வெடிக்கிறார். சுகன்யா வேணுகோபால் இந்தப் பாத்திரத்தைக் கொடுமைக்காரியாக நடிக்கவில்லை. யாஸ்மினும் அப்படி எழுதவில்லை.

நம் வீட்டு அம்மாக்களின் பயத்துக்கு, சினிமாவுக்கு வெளியிலும் காரணம் உண்டு. 1997இல் எவரெஸ்ட்டுக்குச் சென்ற மலேசியக் குழுவில் இருந்த எம். மூர்த்தி 2005 டிசம்பரில் இறந்தபோது, அவர் இஸ்லாத்தைத் தழுவியிருந்தார் என்று சமய அதிகாரிகள் கூறினார்கள். மனைவி காளியம்மாள் மறுத்து வழக்காடினார். தலையிடத் தனக்கு அதிகாரம் இல்லை என்றது உயர் நீதிமன்றம். இஸ்லாமிய முறையில் அடக்கம் நடந்தது. ஒரு மனைவிக்குத் தன் கணவரின் ஈமச்சடங்கைச் செய்யக்கூட முடியவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்த தாய்மார்களிடம் போய், “காதலுக்கு மதம் ஏது?” என்று கேட்டுவிட்டு நகர்வது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

மறுபக்கத்திலும் வலி இருக்கிறது. கிறிஸ்துவத்துக்கு மாறிய லீனா ஜோய், தன் அடையாள அட்டையிலிருந்து ‘இஸ்லாம்’ என்ற சொல்லை நீக்கக் கேட்டார். 2007 மே மாதம் கூட்டரசு நீதிமன்றம் அவர் முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. கிறிஸ்துவர் ஒருவரைத் திருமணம் செய்துகொள்ள விரும்பியவர் அவர்.

படத்துக்குத் திரும்பினால், ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளையின் காதலுக்கு யாஸ்மின் இந்தித் திரைப்பாடலைத் தேர்ந்தெடுத்தார். பாட்டு அழகானது. ஆனாலும் அந்த இடத்தில் ஒரு தமிழ்ப் பாட்டு இருந்திருக்க வேண்டும் என்ற ஏக்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

அம்மாவின் எதிரே நின்று மகேஷ் சைகையால் மன்றாடும் காட்சியை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அவன் ஓடிப்போகவில்லை, ஒளிக்கவில்லை. மாறாக, இங்கே எனக்குத் தெரிந்த மாணவி ஒருத்தி, இரண்டு வருடமாக ஒருவரை விரும்புகிறாள். “அம்மாகிட்ட மட்டும் சொல்லவே முடியாது, ஆன்ட்டி” என்கிறாள். சொல்லாமலே முடிவெடுத்துவிடும் பிள்ளைகளும், கேட்காமலே கதவை அடைத்துவிடும் பெற்றோரும் நம்மிடையே அதிகம். மதம் மாறுவதா வேண்டாமா என்பது அந்தப் பிள்ளைகளின் மனசாட்சிக்கு உட்பட்டது. ஆனால் அந்த முடிவால் சொத்துரிமை, பிறக்கும் குழந்தையின் மதம், கடைசிச் சடங்கு எல்லாம் எப்படி மாறும் என்பதைக் காதலிக்கும்போதே இருவரும் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். வீட்டிலும் பேசியிருக்க வேண்டும்.

மெலோரும் மகேஷும் சேர்ந்தார்களா என்பதை யாஸ்மின் சொல்லாமலே படத்தை முடித்தார். மீதியை நாம்தான் பேச வேண்டும். அதற்காக, ஜொகூரில் படிக்கும் நம் மாணவர்களின் அமைப்புகளுக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவுக்கும் தீபாவளி விழாவுக்கும் மண்டபம் எடுக்கிறீர்கள். ஒரு சனிக்கிழமை இந்தப் படத்தைச் சப்டைட்டிலோடு போடுங்கள். மலாய் நண்பர்களைக் கூப்பிடுங்கள், அம்மாக்களையும் கூப்பிடுங்கள். படம் முடிந்ததும் சட்டம் தெரிந்த ஒருவரைப் பேச வையுங்கள். பிறகு அம்மாக்கள் பேசட்டும்.