பச்சையெல்லாம் சரக்கு ஆகாது



பழவேற்காட்டுக் கரையோர ஊர் மளிகைக்காரர் ஒருவர், பெயர்ச்சீட்டு இல்லாத பச்சைத்தூள் பொட்டலம் ஒன்றைப் பொன்னேரியில் நம் மண்டிக்குக் கொண்டுவந்து, "ஐயா, சத்துப் பாசியாம், விற்கலாமா?" என்று கேட்டார். "எந்த இனம்? எங்கே சோதித்தது?" என்றோம். பதில் இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

நீலப்பச்சைப் பாசியை நாம் இகழவில்லை. அதில் சில இனங்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை நெல்வயலில் சேர்ப்பதை 1939-லேயே பி.கே. டே என்ற அறிஞர் எடுத்துக்காட்டினார். நெல்லுக்கு ஹெக்டேருக்கு 10 கிலோ பாசி உரம் இடலாம் என்று வேளாண் துறையார் சொல்கிறார்கள். புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் சுருள்பாசியைத் தொழிலாகவே வளர்க்கிறார்கள்.

ஆனால் ஏரியில் மிதப்பதெல்லாம் சரக்கு ஆகாது. மைக்ரோசிஸ்டிஸ் என்ற இனம் ஈரலைக் கெடுக்கும் நஞ்சை உண்டாக்கக்கூடியது. 1996-இல் பிரேசில் நாட்டுக் கருவாரு நகரில், பாசி நஞ்சு கலந்த நீரைக் கொண்டு சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தச் சுத்திகரிப்பு செய்ததில் 50 பேருக்கு மேல் மாண்டனர். நல்லதும் பச்சை, நஞ்சும் பச்சை. உலர்த்தி அரைத்துவிட்டால் வேறுபாடு தெரியாது.

ஆகவேதான் ஆராய்ச்சிக்கூடங்களில் ஒவ்வோர் இனத்தையும் தனியே பிரித்து, வளர்த்து, சோதித்துப் பயன் காண்கிறார்கள். கடல்நீர் இனங்களுக்கென்றே திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் 1991-இல் தேசிய மையம் நிறுவப்பட்டது. மாதிரி பார்த்து மூட்டை எடுக்கும் நமக்கு இந்த முறை புதிதல்ல. பருப்புக்கு நம் கண் போதும். பாசிக்கு நுண்ணோக்கி வேண்டும்.

உண்ணும் பாசியென்றால் உணவுப் பாதுகாப்பு உரிம எண், இனத்தின் பெயர், காலாவதி நாள் மூன்றும் உறையில் இருக்கட்டும். இல்லாததை, எவ்வளவு இலாபம் காட்டினாலும், தொடவேண்டாம். நம் தராசை நம்பி வருபவர் பொட்டலத்தையும் நம்பித்தானே வாங்குகிறார்!